கம்பங்காட்டில் காக்காப்பொன்

சரக்… சரக்… கரண்டு இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் போட்டு, உள்ளிருந்து எடுத்த மைக்காத் தகட்டை நகத்தால் ஏடு ஏடாகப் பிரிக்கிறார் கடைக்காரர். வெங்காயச் சருகு கிழிவதைவிட மெல்லிய ஓசை. ஆனாலும் கடைத்தெருவின் இரைச்சல் அத்தனையும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எனக்கு அது மலையடிவாரத்துச் சத்தம். என் அத்தையின் சத்தம்.

கெங்குவார்பட்டிக்குப் பக்கத்தில், மலை இறங்கி வந்து மூச்சு வாங்குகிற இடத்தில், அத்தைக்கு ஒரு மானாவாரிக் காடு இருந்தது. கம்பும் மொச்சையும் விளையும். யுத்த காலம். சரிவுக்கு மேலே மைக்காவுக்காகச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்குக் காக்காப்பொன் என்று பெயர். உள்ளங்கை அகலத் தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோவார்கள். துணுக்கையும் வெள்ளை வெங்கச்சங்கல்லையும் மண்ணையும் சரிவில் தள்ளிவிடுவார்கள். மழை அதைத் தூக்கி வந்து அத்தையின் காட்டில் இறக்கி வைக்கும். யார் வீட்டுக் குப்பை என்று மழைக்குத் தெரியுமா?

இரண்டு வெள்ளாமை போயிற்று. மூன்றாவதும் போனால் காட்டை விற்றுவிட்டு, கங்காணியோடு ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிவிடுவதென்று மாமா முடிவுகட்டியிருந்தார். அத்தை மறுபடியும் சுரங்கத்துக்குப் போய் மேஸ்திரியிடம் நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி நானும் நின்றேன்.

"மழை கொண்டாந்ததுக்கு நாங்க என்னாத்தா செய்ய? ஒங் காட்டுல கெடக்குறது ஒம் பாடு. அள்ளிக் கொட்டிக்க."

வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தாள். வாய்தான் மூடியிருந்தது. வழியில் கிடந்த கல் ஒவ்வொன்றையும் எத்தித் தள்ளியபடி கால் பேசிக்கொண்டே வந்தது.

மறுநாளே அள்ளத் தொடங்கினாள். சல்லடையில் சலித்துப் பெரிய கல்லை வரப்புக்குப் போட்டாள். பருமணலை மாட்டுக்கொட்டத்தில் பரப்பினாள். மிச்சத்தைச் சுளகில் அள்ளி, ஓடைத் தண்ணீரில் அமிழ்த்தி ஒரு குலுக்குக் குலுக்குவாள். கல் அடியில் தங்கும். தட்டையான துணுக்குகள் மேலே வந்து படியும். அவற்றை வழித்துக் குவிப்பது என் வேலை. குவியல் வளர வளர நானும் மினுங்கினேன். புருவத்தில், காது மடலில், சோற்றுத் தட்டில் எல்லாம் மினுக்கம். "என்னடி, அம்மன் எறங்கியிருக்கா?" என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். ஆமாம், எறங்கியிருக்கா என்றேன். எதற்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத வயது.

தேனிச் சந்தைக்குப் போகிற ஏவாரி ஒருவர் அந்தக் குவியலைக் கண்டு வண்டியை நிறுத்தினார். இப்போது துணுக்குக்கும் கிராக்கி வந்துவிட்டதாம். ஏடு பிரித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வாராம். சண்டைக்குப் போகிற ரேடியோப் பெட்டிக்குள் வைக்கிறார்களாம். உடைந்த அரிவாள் முனையால் அத்தை பிரித்தாள். சரக், சரக். விதைக் கம்புக்கு வழி பிறந்தது. 'அப்புறம் பார்ப்போம்' என்று கங்காணிக்குச் சொல்லியனுப்பினார் மாமா.

சேதி சரிவேறிப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் மேஸ்திரி இரட்டைமாட்டு வண்டியோடு வந்து இறங்கினார்.

"கம்பெனிச் சரக்கு ஆத்தா. ஏத்திட்டு வரச் சொல்லியிருக்காக."

அத்தை குவியலின் மேல் ஏறி, பந்திக்கு உட்காருகிறவள் மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங் கம்பை அமுக்கயில குப்பை. இப்பச் சரக்காயிருச்சா?"

"வெட்டுனது கம்பெனிதான?"

பக்கத்துக் காட்டில் ராத்திரி முழுக்க ஆடுகளை மறித்து, நிலத்துக்கு உரம் சேர்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார் கிடைக்காரர். அத்தை அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"அங்கன பாருங்க. ஆடு அவருதுதான், ஓட்டிட்டுப் போறாரு. புழுக்கையையும் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டா போறாரு? காட்டுல விழுந்தது காட்டுக்கு."

"நாளையில இருந்து பொறுக்கவா ஆத்தா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் கிடைக்காரர். களையெடுக்க வந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் வண்டிமாடுகள் காதை விறைத்துக்கொண்டன.

மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. "புழுக்கையும் இதுவும் ஒண்ணா?"

"சரி, ஒங்களுதுதான். அள்ளிக்கங்க. மொதல்ல அந்தா கெடக்கே கல்லு, அதை அள்ளுங்க. பெறகு மண்ணு. காட்டைப் பழையபடி ஆக்கிட்டுக் கடைசியா இதுக்கு வாங்க. மினுங்குறது மட்டும் ஒங்களுது, மிச்சம் எனக்கா?"

மேஸ்திரி காட்டைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் கல் கிடந்தது. வண்டியைப் பார்த்தார். வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழியவில்லை, சரிவின் அடியில், காட்டின் ஓரமாகவே, ஆட்களை இறக்கிச் சுவர் எழுப்பினார்கள். தாங்கள் தள்ளிவிட்ட கல்லையே பொறுக்கி அடுக்கினார்கள். இனி ஒரு துணுக்கும் கீழே உருளக் கூடாதாம். எல்லாவற்றையும் மேலேயே நிறுத்திச் சலித்துக்கொள்ளப் போகிறார்களாம். சுவர் என் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, மலையையே மறைத்தது. எனக்கு அழுகை முட்டியது. என் மினுக்கத்தைத் திருடுகிறார்கள். அத்தை தோற்றுவிட்டாள். ஒரு கல்லை எடுத்து ஓங்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லை வாங்கி, சுவரில் தெரிந்த சந்தொன்றில் செருகினாள். கல் அடுக்கியவர்களுக்குச் செம்பு செம்பாக மோரும் கொடுத்தாள். எதிரிக்கு மோர் ஊற்றுகிறவளை என்ன சொல்ல? அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. இரண்டு வருஷமாக மலையேறி மலையேறி அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்பது என் சின்னப் புத்திக்கு எட்டவேயில்லை.

வேலை முடிந்த சாயங்காலம், மேஸ்திரி சுவர்மேல் ஏறி நின்று கைத்தூசியைத் தட்டினார்.

"இனிமே ஒரு துணுக்குகூட ஒனக்கு வராது ஆத்தா!"

அத்தை சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தாள்.

"கெழக்கு முனை தாழ்ந்து கெடக்கு மேஸ்திரி. அங்கனயும் ரெண்டு வரிசை ஏத்திட்டுப் போங்க."