முயலுக்கு நலமடித்த மாதம்

எங்கள் கடுவன் முயல் கண்ட இடமெல்லாம் மூத்திரம் பீச்சும். கதிரைக்கால், அரிசி மூட்டை, என் புத்தகப்பை, எதையும் அது விட்டுவைக்கவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் இருக்க ஒருத்தியும் விரும்பமாட்டாள். முயலை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமென்று அம்மா பிடிவாதமாக நின்றார். அம்மாவின் தம்பியான மாமாதான் மிருக வைத்தியரைக் கூட்டிவந்தார். வைத்தியர் அதன் விதைகளை எடுத்துவிட்டு, "உடன நிக்காது, ஒரு மாதம் போலப் பொறுங்கோ" என்றார்.

எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் விதை எடுப்பதை நலமடித்தல் என்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நலம் என்றால் சுகம் என்று கடிதம் எழுதப் பழகியபோது படித்திருந்தேன். ஆகவே, வெட்டித் தைத்துச் சுகமாக்குவதுதான் நலமடித்தல் என்று முடிவுசெய்தேன். அது அவ்வளவு தெளிவாக இருந்ததால் யாரிடமும் கேட்கவில்லை.

அதற்குச் சற்று முன்புதான் மாமாவுக்கு வவுனியாவில் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. தையல் ஆறியதும் செட்டிகுளத்திலிருந்து அவருக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பெண்ணின் தகப்பன் வெள்ளை வேட்டியோடு கதிரையில் அமர்ந்தார். முயல் அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வேட்டிக்கரையில் பீச்சியது.

"நலமடிச்சும் இந்தச் சனியன் திருந்தேல்லை" என்று அப்பா பதறினார்.

"விடுங்கோ, வாயில்லாச் சீவன்" என்று அவர் சிரித்தார். பேச்சை மாற்றுவதற்காக என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, மாமாவுக்கு ஒப்பறேசனாம். இப்ப சுகமோ?"

குடும்ப மானம் என் கையில் இருப்பதாக எனக்குப் பட்டது.

"ஓம். மாமாவுக்கும் நலமடிச்சது. ஆனா அவர் முயல் மாதிரிக் கண்ட இடத்தில பெய்யிறேல்லை."

குசினியில் அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. பெண்ணின் தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மாமா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். "குடலிறக்கம், வெறும் குடலிறக்கம்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல, எதையோ மறைப்பதுபோலவே அது கேட்டது. வந்தவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். "பேந்து சொல்லி அனுப்புறம்" என்றார்கள். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துத் தொடையில் கிள்ளினார். ஏன் என்று சொல்லவில்லை. இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது.

வைத்தியர் சொன்னபடியே முயல் பிறகு அடங்கிவிட்டது. கதை மட்டும் ஊருக்குள் பரவியது. காலையில் மாமா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். புளியங்குளம் சந்தியில் நிற்கும் பெடியள், "என்ன அண்ணை, நலமோ?" என்று கேட்பார்கள். மாமாவின் சுகத்தில் இவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குப் பெருமையாக இருக்கும். மாமா வாய் திறக்காததால், மரியாதைக்கு நானே பதில் சொல்வேன்: "ஓம், நல்ல நலம்!"

அவர்கள் சிரிக்க, மாமா வேகமாக மிதிப்பார். வேகமாகப் போவது எனக்கு விருப்பம். ஆகவே அடுத்த நாள் இன்னும் சத்தமாகச் சொல்வேன்.