முன்னிலைக்கு ஒரு நாற்காலி

எங்கள் தெரு சோபாக்காரர் ஊருக்கெல்லாம் மெத்தென்று இருக்கை தைத்துக் கொடுப்பார். அவர் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பழைய சோபா நாற்காலி. தேர்தல் முடிவு வரும் நாளில் அதை வைத்துத்தான் விளையாட்டு. நண்பர்கள் ஆளுக்கொரு வேட்பாளரைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். டிவியில் யாருடைய வேட்பாளர் முன்னிலையோ, அவருக்கு நாற்காலி. மற்றவர்களுக்குத் தரை.

சோபாக்காரரின் கைராசிக்கு, டெபாசிட் இழக்கிற ஆளாகவே வந்து மாட்டுவார். மற்ற நாட்களில் அதில் உட்கார அவருக்கு வேலை விடாது; தேர்தல் நாளிலோ, சொந்த வீட்டில் எத்தனையோ தேர்தல்களாகத் தரையில் கிடந்தார் மனிதர்.

இந்த முறை அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவருடைய ஆள் முந்திவிட்டார். ராஜா தோரணையில் போய் உட்கார்ந்த சோபாக்காரர், "ஐயோ!" என்று அலறினார். உள்ளே ஸ்பிரிங் குத்தியது.

தரையில் இருந்த மைத்துனரை முறைத்தார். "ஏன் மச்சான், இத்தனை வருஷமா இது குத்துதுன்னு ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையே?"

"சொன்னா, தைக்கணும் எழுந்திருங்கன்னு சொல்லிடுவீங்களே மாமா!"

நாங்கள் எல்லோரும் அவசரமாக டிவியைப் பார்த்தோம்.

அவர் மனைவி ஊசியும் நூலுமாக வந்துவிட்டார். "எழுந்திருங்க, ரெண்டு தையல் போட்டா சரியாயிடும்."

சோபாக்காரர் பல்லைக் கடித்தபடி நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

"யாருக்குக் குத்துது இப்ப?"