தங்கை கல்யாணத்தில் நான் பிடித்த முரண்டு

போன திங்கட்கிழமை என் தங்கை செலினுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அப்பாடா! பத்து நாள் முன்னால், நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. காரணம்? அடியேன்தான்.

சம்பந்தியம்மாள் குருசுக்குப்பத்துக்காரர். எங்களைப் போலவே ஞானஸ்நானம் பெற்றவர்தான். பஞ்சாங்கத்தை மட்டும் விட மனசு வரவில்லை. கோயிலில் கல்யாணப் பூசை எட்டு மணிக்கு என்றதும், திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம் ஆயிற்றே, ஆறு மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

விடுவேனா? கிறிஸ்தவனுக்கு ராகு ஏது, கேது ஏது என்று பிடித்துக்கொண்டேன். விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்த வேதசாட்சியாகிவிட்ட மிதப்பு வேறு! அவர் முகம் கறுத்து எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் தகவலே இல்லை... வேறு பெண் பார்க்கிறார்களாம் என்று மட்டும் காதில் விழுந்தது.

மூன்றாம் நாள், பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையை இறக்கிவைத்த செலின் என்னிடம் கேட்டாள்.

"ஆறு மணிக்கு வெச்சா பூசை செல்லாதாண்ணே? அன்னிக்கு அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க. அம்மா புருசன் இல்லாதவங்க, பொண்ணு பொறப்படறப்ப எதிர்ல வரக்கூடாது, சித்தி நெத்தியில சிலுவ போட்டு அனுப்பட்டும்னாங்க. அதுக்கு மட்டும் நீ வாயே தெறக்கல."

சுருக்கென்றது. உண்மைதானே? அப்பா போனபிறகு எங்களைத் தனி ஆளாக வளர்த்தவள் அம்மா. அவளை ஒதுங்கி நிற்கச் சொன்னபோது, ஊர் வழக்கம்தானே என்று தலையாட்டியிருக்கிறேன். அம்மாவும் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே குருசுக்குப்பம் போனேன். பூசை ஆறு மணிக்கே இருக்கட்டும், பங்குச் சாமியாரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன் என்றேன். ஆனால் சிலுவை போட்டு அனுப்புவது அம்மாதான் — அதில் மாற்றமில்லை என்றும் சொல்லிவிட்டேன். பயமில்லாமல் இல்லை. தங்கையின் வாழ்க்கையாயிற்றே!

சம்பந்தியம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க ஒரு படி எறங்கி வந்தீங்க, நானும் எறங்கறேன் தம்பி. பெத்தவ கை எப்பிடி ஆவாமப் போவும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்து, கடற்காற்றில் ஐந்து நிமிடம் சும்மா நின்றேன்.

திங்கட்கிழமை விடியுமுன் அம்மா செலினின் நெற்றியில் சிலுவை போட்டாள். முகத்தில் அப்படியொரு நிறைவு!

எதில் உறுதியாக நிற்பது, எதில் விட்டுக்கொடுப்பது என்று உங்களுக்கும் குழப்பமா? உங்களையே ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள்...

விட்டுக்கொடுக்கப்போவது என் வீம்பையா, இன்னொருவர் மானத்தையா?