அண்ணன் இந்தியாவில் இருக்கிறான்

என் அண்ணன் இந்தியாவில் உயிரோடு இருக்கிறான் என்று நான் சொன்னது பொய். அவனை அங்கே ஒருவரும் காணவில்லை. நான் அவனை ஒருநாளும் தேடவுமில்லை.

உங்களிடம் இதைச் சொல்ல முடிவது, உங்களுக்கு என் அண்ணியைத் தெரியாது என்பதால்தான். பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட நான் எவ்வளவு கெட்டிக்காரி!

அண்ணனுக்குக் கலியாணம் நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. யுத்தத்தின் கடைசிக் காலம். முல்லைத்தீவுக் கடற்கரையில் தறப்பாள் கூடாரத்துக்குள் எங்களை இருத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனான். திரும்பி வரவில்லை. நான் அப்போது சிறுமி.

பிறகு எங்கள் ஊரான ஒட்டுசுட்டானுக்குத் திரும்பினோம். அண்ணி தன் தாய்வீட்டுக்குப் போகவில்லை. தாலியையும் கழற்றவில்லை. இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியை அண்ணனுக்குச் செய்ய அம்மா விடவில்லை. உடலைக் காணாமல் பிள்ளை இறந்துவிட்டான் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? அம்மாவும் அண்ணியும் வயலைச் செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். நான் கணக்கியல் படித்து, சென்னையில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்துப் போனேன்.

முதலில் அழுதேன். வாய் திறந்தாலே கடைக்காரர் "நீங்க கேரளாவா?" என்பார். விளக்கி விளக்கி அலுத்துப்போய், கடைசியில் "ஆமா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அப்படியே எல்லாம் பழகிவிட்டது. காலையில் பால் பாக்கெட், நெரிசலில் மின்சார ரயில், மாலையில் கடையில் வாங்கிய மாவில் இரண்டு தோசை. கதவைப் பூட்டினால் அந்த அறை என்னுடையது. காணாமல்போன ஒருவனின் படம் தொங்காத சுவர்கள்! என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விடாத மனிதர்கள்! அந்த வாழ்க்கையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

அந்த நேரத்தில்தான் ஒருவர் அண்ணியைப் பெண் கேட்டார். நெடுங்கேணியில் இருந்து எங்கள் வயலை உழ உழவு இயந்திரத்தோடு வருகிறவர். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். யானை எங்கள் வேலியைப் பிரித்துப்போட்ட ஒரு காலையில், கேளாமலே வந்து நின்று அடைத்துக் கொடுத்தாராம். அம்மாவே சம்மதித்துவிட்டார். அண்ணனுக்கு அந்தியேட்டியைச் செய்துவிட்டு அண்ணியைக் கட்டிக்கொடுப்பதென்று பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அழைத்தார். நான் மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"வதனி, நீ அவற்ற கூடப்பிறந்தனி. நீ ஓம் எண்டு சொன்னால்தான் நான் சம்மதிப்பன். உனக்கு மனவருத்தம் எண்டால் சொல்லு... விட்டிடுவம்."

அந்தக் குரலில் எவ்வளவு கூச்சம்! எவ்வளவு ஆசை! எனக்கு அது கேட்காமலில்லை.

ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு அண்ணன் நினைவு வரவில்லை. அண்ணி போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? நான்தானே! வேலையை விட்டு, அறையை விட்டு, அந்த வீட்டுக்கே திரும்பவேண்டும்... இதுதான், இது மட்டும்தான் என் மனதில் ஓடியது.

"அண்ணி, அவசரப்படாதேங்கோ," என்றேன். "இங்க ஒராள் அண்ணாவைக் கண்டதெண்டு சொன்னவர். ஏதோ ஒரு அகதி முகாமிலையாம். நான் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்."

வேறு எந்த ஊர்ப் பெண்ணாவது இதை நம்பியிருப்பாளா? எங்கள் பெண்கள் நம்புவார்கள். காணாமல்போனவன் படகேறி இந்தியாவுக்குப் போயிருப்பான் என்று எத்தனை வீடுகளில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! அது தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுமுனையில் அண்ணி அழுதார். சந்தோஷத்தில் அழுதார்.

அன்றே நெடுங்கேணிக்காரருக்கு மறுப்புச் சொல்லியாயிற்று. அந்தியேட்டிப் பேச்சும் நின்றது. அதன்பிறகு வருடக்கணக்காக ஒவ்வொரு அழைப்பிலும், "ஏதும் தெரிஞ்சுதோ?" நானும் ஏதாவது சொல்லுவேன். அந்த முகாமில் இருந்து மாறிவிட்டாராம்... பெயரை மாற்றி வைத்திருக்கலாமாம்... சொல்லிவிட்டு இறங்கிப் போய்த் தோசை சுட்டுச் சாப்பிட்டேன். தொண்டையில் சிக்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. அதுதான் என்னை இப்போது பயமுறுத்துகிறது.

சென்ற மாதம் அம்மா இறந்துபோனார். மகன் வருவான் என்ற நம்பிக்கையோடே போனார்.

செத்தவீட்டுக்கு அந்த நெடுங்கேணிக்காரரும் வந்திருந்தார். துணுக்காயில் கலியாணம் செய்துவிட்டாராம். மனைவி குசினிக்குள் சமையலுக்கு உதவியாக நின்றார். அவர்களுடைய சின்னமகள் நித்திரைக்குச் சிணுங்க, அண்ணி வாங்கி மடியில் கிடத்தித் தட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை உறங்கிய பிறகும் நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போனபின் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். உண்மையாகத்தான்! அண்ணிக்குப் பக்கத்தில் போய்க் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணி, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்..."

"நானும்தான் பிள்ளை," என்றார். முன்மயிர் நரைத்துவிட்ட அந்த முகத்தில், அத்தனை அழுகைக்குப் பிறகும், ஒரு வெளிச்சம். "மாமி இருக்குமட்டும் எனக்கு அசைய ஏலாது. இனி ஆர் இருக்கினம்? பாஸ்போர்ட் எடுத்து வைச்சிருக்கிறன். நீ தனிய அலைஞ்சது போதும். என்னையும் கூட்டிக்கொண்டு போ, நானும் சேர்ந்து தேடுறன்."

நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு வசனம் போதுமாயிருந்தது...

"என்ன பிள்ளை சொல்ல வந்தனி?"

"ஒண்டுமில்லை, அண்ணி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் புறப்படும் சிறுமி போல அண்ணி கேட்டார்: "அப்ப, முதல் எங்க போவம்?"

நான் ஒருநாளும் போயிராத ஓர் ஊரின் பெயரைச் சொன்னேன்.