ஒரே பீப்பாயின் மூன்று பாட்டில்கள்

பிரான்சிலிருந்து வந்து எங்களிடம் துண்டும் மேஜை விரிப்பும் வாங்குகிறவர் ஒருவர் உண்டு. தொழிலில் ‘பையர்’ என்போம். மகா பிடிவாதக்காரர். இடக்கையில் ஒரு துண்டும் வலக்கையில் ஒரு துண்டுமாக ஜன்னலோரம் போய் நிற்பார். இரண்டின் நிறத்திலும் மயிரிழை வித்தியாசம் தெரிந்தால் மொத்த லாட்டும் சாயப்பட்டறைக்குத் திரும்பிவிடும். “ஷேடு வேரியேஷன்” என்று அவர் மெதுவாகச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குமாரபாளையத்துத் தண்ணீர் இந்த வாரம் இருக்கிற மாதிரி அடுத்த வாரம் இருக்காது. சாயம் மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்? இங்கிலீஷில் பேசுவது நான் என்பதால் திட்டும் முதலில் எனக்குத்தான் வந்து சேரும். என் வீட்டுக்காரர் தறிச் சத்தத்துக்குள் நிம்மதியாக இருப்பார்.

பல வருடங்களுக்கு முன்பு ஒருமுறை பையர் தன் மனைவியையும் கூட்டிவந்தார். நெட்டையான அம்மா. கை மட்டும் காட்டு வேலை செய்கிறவர்களின் கை மாதிரி காய்த்துப் போயிருந்தது. பிறந்த வீட்டில் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம், அதைப் பார்த்துக்கொள்வதும் ஒயின் போடுவதும் தான்தான் என்று சொன்னார். பெட்டியைத் திறந்து எங்கள் துண்டுகளிலேயே சுற்றியிருந்த மூன்று பாட்டில்களை எடுத்து என் மடியில் வைத்தார். மூன்றும் ஒரே பீப்பாயிலிருந்து, ஒரே மத்தியானத்தில், அவர் கையாலேயே நிரப்பியவை. ஆனால் பத்து வருடம் கழித்துத் திறந்தால் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காதாம்.

“அப்படியானால் உங்கள் வீட்டுக்காரர் மூன்றையுமே ரிஜெக்ட் செய்துவிடுவாரே” என்றேன்.

அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பையரும் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு அந்த அம்மா, துணி என்றால் மாறக்கூடாது, ஒயின் அப்படியில்லை, பாட்டிலுக்குள்ளேயும் அது உயிரோடு இருக்கிறது, அவசரப்பட்டுத் திறக்காதே, பத்திரமாக வைத்திரு என்றார்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சாமானைப் பத்திரமாக வைப்பது என்றால் ஷோகேஸில் வைப்பதுதான். மகள் பள்ளியில் வாங்கிய கோப்பைக்கும் சிங்கப்பூர் கடிகாரத்துக்கும் நடுவே ஒன்றை நிற்க வைத்தேன். மேலே டியூப் லைட், எதிரே மேற்கு ஜன்னல். மற்ற இரண்டையும் என் வீட்டுக்காரர் அங்கே வைக்க விடவில்லை. ஒரு பாட்டில் இருந்தால் அது அலங்காரம், மூன்று இருந்தால் குடி என்றுதான் சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். கழிவுத் துணியில் சுருட்டி, படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி மோட்டார் இருக்கும் இருட்டு அறையில், நிற்க இடமில்லாததால் படுக்கப் போட்டுவிட்டார். நான் வாரம் தவறாமல் ஷோகேஸ் பாட்டிலைத் துடைத்து வைத்தேன். மற்ற இரண்டும் நினைவில்கூட இல்லை.

அந்த அம்மா இறந்துபோன செய்தி போனில்தான் வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு பங்குனி வெயிலில் பையர் தனியாக வந்தார். சாம்பிள் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். தோட்டம் விற்றாகிவிட்டது, நிலவறையில் இருந்த பாட்டில்களைச் சாவுக்கு வந்தவர்களும் உறவுக்காரர்களும் குடித்துத் தீர்த்துவிட்டார்கள், அப்போது தன்னால் தொடவே முடியவில்லை, இப்போது தேடினால் ஒன்றுகூட இல்லை என்றார். காப்பி வேண்டும் என்றுகூட வாய்திறந்து கேட்காத மனுஷன், “அவள் உங்களுக்குத் தந்ததில் ஒன்றாவது இருக்கிறதா? ஒரு வாய் போதும்” என்று கேட்டார்.

பெருமை பொங்க ஷோகேஸைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. சிவப்பாக இருந்தது பழுப்பாகியிருந்தது. கழுத்துவரை இருந்ததும் இறங்கிப் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து தக்கை பிடுங்கும் திருகியை எடுத்துத் திறந்தார். தக்கை உதிர்ந்தது. ஊறுகாய்க் காடி வாசனை அறை முழுக்கப் பரவியது. பையர் பாட்டிலை மெல்ல மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வெயிலில் காய வைத்திருக்கிறேன்.

“ஏன் புள்ள மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கற? மோட்டார் ரூம்ல ரெண்டு கெடக்குதல்ல?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஏனுங்க, அது இன்னுமா இருக்குது?”

“நீயும் எடுக்கல, நானும் எடுக்கல. அங்கதான் இருக்கோணும்.”

இருந்தன. துணி மக்கியிருந்தது, லேபிளைப் பூச்சி அரித்திருந்தது. இருட்டும் குளிர்ச்சியும் சரி, படுக்க வைத்ததும் சரி என்று பையர் தலையாட்டினார். மோட்டார் தினமும் ஓடும் என்று சொன்னதும் முகம் சுளித்தார். ஒயினுக்கு அதிர்வு ஆகவே ஆகாதாம். நம்பிக்கையில்லாமல்தான் ஒன்றைத் திறந்தார்.

கண்ணாடி டம்ளரில் ஊற்றியபோது கருஞ்சிவப்பாக இருந்தது, ஓரத்தில் மட்டும் செம்பு நிறம். முகர்ந்தார். மூடிக் கிடந்த வீட்டு வாசனை. இதுவும் போச்சு என்று நினைத்தேன். அவர் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். மூன்று பேரும் ஒரு டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அது எழுந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முதலில் நாவல்பழம். பிறகு கருப்பட்டி. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து முகர்ந்தால் காய்ந்த புகையிலை, பழைய மர பீரோவைத் திறந்த மாதிரி ஒரு மணம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வந்தது. யாரும் எதையும் சேர்க்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை வருடம் எங்கள் காலடியில், நாங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் படியேறி இறங்கிய நேரமெல்லாம், அந்த இருட்டில் இது தன்பாட்டுக்கு ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாய் குடித்தேன். துவர்த்தது. பிறகு நாக்கில் இனிப்பு ஊறி வெகுநேரம் நின்றது.

பையர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். “அவள்தான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனால் வயதாகியிருக்கிறாள். இந்த வயதில் நான் அவளைப் பார்த்ததில்லை” என்றார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்து, வழக்கம்போல ஜன்னலோரம் நின்று ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பினார். எனக்குக் கோபமே வரவில்லை.

அவர் காரில் ஏறும்போது என் வீட்டுக்காரர் மூன்றாவது பாட்டிலைப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். “எடுத்துட்டுப் போகச் சொல்லு புள்ள. அது அவிங்க ஊட்டுப் பொருளு.”

பையர் வாங்கி, துண்டை விலக்கி, வெயில் படாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது காடியாகியும் இருக்கலாம், நேற்றையதைவிட நன்றாகவும் இருக்கலாம். திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது இனி இது ஒன்றுதான் மிச்சம். இருக்கட்டும்” என்றார்.

அவர் சொன்னதை என் வீட்டுக்காரருக்குக் கார் போன பிறகுதான் தமிழில் சொல்ல முடிந்தது. கேட்டுவிட்டு அவர் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே படுக்க வைத்தார்.

அடுத்த நாள் பிளம்பர் வந்து படிக்கட்டுக்கு அடியில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். என்ன ஏது என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

“மோட்டார் அதுருதல்ல புள்ள” என்றார் என் வீட்டுக்காரர். “ஊட்டுக்குப் பொறவால மாத்திப்போடலாம்.”