விரதச் சாப்பாட்டில் கணவாய்

கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் கடலுக்கும் நடைபாதைக்கும் நடுவே வேலி இல்லை. கல் விளிம்பு, அதற்குக் கீழே தண்ணீர், அவ்வளவுதான். எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்துப் பழகிய என் ரொறன்ரோக் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். ஆட்கள் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கப்போட்டபடி, எள் ஒட்டிய ரொட்டி வளையங்களைத் தின்றுகொண்டிருந்தார்கள். வளைகுடாவுக்கு அப்பால் பனி படிந்த மலை ஒன்று தெரிந்தது. "ஒலிம்பஸ்" என்றார் ரொட்டி விற்றவர், பக்கத்து வீட்டைக் காட்டுகிற குரலில்.

மூன்று நாள் பயணம். இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் விட்பியில் இருக்கும் எங்கள் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை. பிள்ளை பிறக்கும்வரை வெள்ளிக்கிழமைகளில் மீனோ இறைச்சியோ தொடுவதில்லை என்று என் மனைவி நேர்ந்திருந்தாள். அதுவரை ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை.

நாங்கள் போனது அவர்களுடைய ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம். பேக்கரியிலும் இனிப்புக் கடையிலும் விரத உணவு என்று அட்டை வைத்திருந்தார்கள். மனைவிக்கு ஊர் உடனே பிடித்துவிட்டது.

"எங்கட கடையளில மரக்கறி றோல் கேட்டா, மட்டன் றோல் எடுத்த அதே இடுக்கியாலதான் எடுத்துத் தருவினம். இஞ்ச பாருங்கோ, தனி அலுமாரி!"

அடுக்குமாடிகளுக்கு நடுவே, சாலை மட்டத்துக்குக் கீழே, ஒரு பழைய செங்கல் தேவாலயம் இருந்தது. அதைக் கடந்தவர்களில் பலர் நடையை நிறுத்தாமலே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். கோயிலைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நம் ஆட்களின் அதே அவசரம்.

மதியம் சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய உணவகத்தில் உட்கார்ந்தோம். என் மனைவி விரதம் என்று பரிமாறுபவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, வெண்ணெய்கூட இல்லை என்று அவர் விரல் மடக்கி உறுதி சொன்னார். கரும்பச்சையாகக் கீரை வந்தது. உள்ளே வெள்ளைத் துண்டுகள். காளான் என்று நினைத்தோம்.

இரண்டாவது வாயில் அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, இது கணவாய்."

கடற்கரையில் பிறந்தவள். பல் பட்டதும் தெரியும். பரிமாறுபவர் ஓடி வந்தார். ஆம், கணவாய்தான். அதற்கு இரத்தம் இல்லை, அதனால் தங்கள் நோன்பில் அதைச் சாப்பிடலாம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் விரதமும் அவர்கள் விரதமும் ஒன்றென்று எடுத்துக்கொண்டது நாங்கள்தான். மனைவியின் கண் நிறைந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து சமையல்காரி வந்தார். அறுபது வயது இருக்கும். யாருக்காக விரதம் என்று பரிமாறுபவர் மூலம் கேட்டார். மனைவி கையால் தன் வயிற்றுக்கு முன்னே ஒரு பெரிய வளைவு போட்டு, "மகள்" என்று தமிழிலேயே சொன்னாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். கழுவிய வெறும் சட்டியைக் கொண்டுவந்து, உள்ளும் புறமும் திருப்பிக் காட்டிவிட்டு, அதில் கொண்டைக்கடலை சமைத்துத் தந்தார். நான் பார்த்த எந்த உணவகமும் ஒரு வாடிக்கையாளரிடம் இப்படிச் சட்டியைக் காட்டியதில்லை.

"இண்டையான் வெள்ளி கணக்கில இல்லை. அதுக்குப் பதிலா நாளைக்கு விரதம் பிடிக்கிறன்" என்றாள் மனைவி.

"அப்ப மிச்சக் கணவாயையும் முடிக்கலாமே?"

"வாயை மூடுங்கோ. பிள்ளையிட்ட சொல்லாதேங்கோ, பயந்திடுவாள்."

வெளியே வந்து கடலோரம் உட்கார்ந்ததும் மகள் அழைத்தாள். விட்பியில் அப்போது காலை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மனைவி முழுவதையும் அவளாகவே சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் மகள், "எனக்கு இப்ப கணவாய்க் கறி வேணும். லைக், இப்பவே. வந்த உடன செய்து தாறீங்களா?"

மனைவி மூக்கைத் துடைத்தாள்.

"ஞாயிறு வாறம். திங்கள் செய்து தாறன். வெள்ளிக்கிழமை மட்டும் கேளாத."