காலை ஷிப்டின் பதில்

ஜூலை ஒன்பது, காலை ஏழு பத்து, செம்பூரில் விடாத தூறல். நெருளில் இருக்கும் மகன் வாட்ஸப்பில் ஒற்றைக் கேள்விக்குறி அனுப்பியிருந்தான். இரண்டு முறை அழைத்தும் நான் எடுக்காவிட்டால் இதைத்தான் அனுப்புவான். கிழவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. முதலில் எரிச்சல் வரும். பிறகு நாலாம் வகுப்பு மேசை நினைவுக்கு வரும்.

அறுபதுகளின் நடுவில், தாராவியில் நான் நாலாம் வகுப்பு. காலையில் மராத்திப் பிள்ளைகள், மதியம் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள். அறையும் மேசையும் ஒன்றே. உள்ளே நுழைந்தால் அவர்கள் விட்டுப்போன தேங்காயெண்ணெய் வாசனை நிற்கும், ஆட்களை மட்டும் காணோம். எங்கள் சார் ஒரு பத்தி முழுவதையும் நிறுத்தக்குறியே இல்லாமல் போர்டில் எழுதிவிடுவார். குறிகளை நாங்கள் போட வேண்டும். "கமாவ விட்டா வாசிக்கவன் மூச்சு முட்டிச் சாவாம்ல!" என்பார்.

பரீட்சைக்கு முந்திய நாள் மேசையில் ஊக்கால் ஒரு கேள்விக்குறி கீறிப் பழகினேன். மறுநாள் அதன் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி! காலையில் அங்கே உட்காரும் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராத்தி வாசிக்க வராது. ஆனால் குறிகள் இருவருக்கும் ஒன்றுதான். நான் போட்ட காற்புள்ளி மறுநாள் கண் முளைத்துத் தலைப்பிரட்டையாகியிருக்கும். அடைப்புக்குறி காதாகியிருக்கும், கம்மலோடு. பதினொரு நாள் இப்படி. பரீட்சையில் ஐம்பதுக்கு நாற்பத்தேழு; அந்த மூன்று எங்கே போயிற்று என்று இன்னும் குடைகிறது.

பிறகு, தெற்கத்திக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று மராத்திக்காரர்கள் கிளப்பிய கலவரத்தில் நம்மவர் கடைகள்மேல் கல் விழுந்தது. "ஒம் மேசைல காலைல இருக்கவனோட அப்பனும் எறிஞ்சிருப்பாம்ல" என்றான் பக்கத்தில் இருந்த சுடலை. அன்று ஊக்கு வளையுமளவு ஆழமாக ஒரு கேள்விக்குறி கீறினேன். நீ இன்னும் என் சேக்காளிதானா என்று அதற்கு அர்த்தம். மறுநாள் காலை ஷிப்டு மட்டும் நடந்தது. மதியம் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்.

திறந்தபோது மேசை வழுவழுவென்று இருந்தது. வராந்தாவில் தச்சர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பக்கத்து ஆள்.

"அண்ணாச்சி, என் மேசைல கடைசியா ஒரு கீறலா, ரெண்டா?"

"எண்ணிப் பாத்துட்டா எழைப்பாவ? போல, சோலியப் பாரு."

இப்போது அங்கே ஏழு மாடிக் கட்டடம். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லக்கூட ஆள் இல்லை. பாங்கு கவுண்டரானாலும் சரி, மருந்துக்கடையானாலும் சரி, வழுவழுப்பான பலகையைக் கண்டால் என் விரல் தானாகத் தடவிப் பார்க்கிறது. மேசையை இழைத்த கூலியைச் சார் என் தலையில்தான் கட்டினார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்: ஒன்றேகால் ரூபாய்.